பட்டுப்புழுவிலிருந்து பூச்சிப் புரத ஆய்வுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயிர்வேதியியலோ விலங்கியலோ படிக்கும் மாணவர் ஒருவர் பூச்சிகளின் புரதங்களையும் வளர்சிதை மாற்றத்தையும் ஆராய விரும்பினால், அதற்கான பூச்சியைத் தேடி நம் மாவட்டங்களில் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் வைத்திருக்கும் விவசாயிகள் நிறைய இருக்கிறார்கள். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபு வள மையம் பல பட்டுப்புழு இனங்களைப் பாதுகாத்து வருகிறது. பூச்சி உயிர்வேதியியலின் பெரிய கண்டுபிடிப்புகள் சில இந்தப் புழுவிலிருந்தே வந்தவை. ஜெர்மன் உயிர்வேதியியலாளர்களான புட்டெனான்ட்டும் கார்ல்சனும் 1954-இல் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து, தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் என்ற ஹார்மோனை 25 மில்லிகிராம் மட்டும் பிரித்தெடுத்தார்கள். 2004-இல் இதன் மரபணுத் தொகுதியின் முதல் வரைவும் வெளிவந்துவிட்டதால், ஒரு புரதத்தைக் கண்டால் அதன் மரபணுவைத் தேடிப் பார்க்கும் வசதியும் இன்று உண்டு.

ஆய்வகக் கருவிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் புழுவை வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். புழுவின் ரத்தத்தில் ஓடும் புரதங்களின் அளவும் வகையும், கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் புழுப் பருவமான ஐந்தாம் பருவத்தில் நாளுக்கு நாள் மாறுகின்றன. எனவே எந்த இனம், எந்தப் பருவத்தின் எத்தனையாவது நாள், ஆணா பெண்ணா, கடைசியாக இலை தின்று எவ்வளவு நேரமாயிற்று என்ற குறிப்புகள் இல்லாத புரத அளவு, எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் எடுக்கப்பட்டிருந்தாலும், ஆய்வுக்குப் பயன்படாது. முதல் தொகுதிக்கு இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பைக் கடந்த புழுக்களை வாங்கிக்கொள்வது எளிது. நூறு புழுக்கள் போதும். அனுபவமுள்ள விவசாயி ஒருவரின் மனையில் ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, அவர் சொல்கிறபடி இலை போட்டு வளர்ப்பதே நல்லது. ஏனெனில் நோயுற்ற புழுவைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணும் கண் புத்தகத்திலிருந்து வருவதில்லை, பால்போன்ற நீர் கசியும், கிராசரி என்ற வைரஸ் நோயுற்ற புழுவைத் தவறுதலாக மாதிரியில் சேர்த்துவிட்டால் அளக்கப்படுவது பாதி வைரஸின் புரதமாக இருக்கும்.

வெப்பநிலையை 24 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தால் ஐந்தாம் பருவம் ஏறத்தாழ ஏழெட்டு நாள் நீடிக்கும். நான்காம் தோலுரிப்பிலிருந்து வெளிவந்த புழுவுக்கு முதல் இலை போட்ட நேரத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டு, அதிலிருந்து மணிக்கணக்கில் குறித்து வாருங்கள். ஒரே தட்டிலும் எல்லாப் புழுக்களும் ஒரே நேரத்தில் தோலுரிப்பதில்லை என்பதால், முந்தியவற்றையும் பிந்தியவற்றையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் ஒருசேர எழுந்தவற்றை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இலையின் மூலத்தையும் எழுதி வையுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய மல்பெரியில் மருந்துச் சாரல் படிந்திருக்கக்கூடும், அந்த இலையைத் தின்ற புழு சாகாமல் பிழைத்தாலும் அதன் நொதிகள் இயல்பான நிலையில் இருக்கும் என்று நம்ப முடியாது.

ஐந்தாம் பருவத்தின் தொடக்க நாட்களிலேயே ஆண், பெண் பிரித்துவிடலாம். புழுவை மல்லாக்கப் பிடித்து, வாலுக்கு அருகில் வயிற்றின் எட்டாம், ஒன்பதாம் கண்டங்களின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கண்டத்துக்கு இரண்டாக நான்கு பால்வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பெண். இரு கண்டங்களும் சேரும் இடத்தில் நடுவே ஒரே புள்ளி தெரிந்தால் ஆண். பழகிய கண்ணுக்குச் சில நொடிகளே ஆகும். இந்தப் பிரிப்பைத் தவிர்க்கவே கூடாது என்பதன் காரணம், பின்னால் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெரியும்.

ரத்தம் எடுப்பதற்குப் புழுவைப் பனிக்கட்டியின் மேல் பத்து நிமிடம் வைத்து அடக்கி, உடலை 70 விழுக்காடு ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வயிற்றுப் போலிக்கால் ஒன்றின் நுனியைக் கூரிய கத்தரியால் சிறிதளவே வெட்டி, புழுவை மெல்ல வளைத்துப் பிடித்தால், சொட்டுச் சொட்டாகத் தெளிந்த திரவம் வெளிவரும். குடலைக் குத்திவிட்டால் திரவம் பச்சையாகக் கலங்கிவரும். அதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். சொட்டுகளை முன்பே குளிரவைத்த சிறு குழாயில் பிடிக்க வேண்டும், அந்தக் குழாயில் பீனைல்தயோயூரியா படிகங்கள் சில இருக்க வேண்டும். அது இல்லாத குழாயில் ரத்தம் காற்றுப்பட்டுச் சிறிது நேரத்தில் பழுப்பாகி, பிறகு கருத்துவிடும். ரத்தத்திலுள்ள பீனால் ஆக்சிடேஸ் நொதி மெலனினை உண்டாக்குவதும், அந்த வினையில் மற்றப் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்துபோவதும் இதற்குக் காரணம். பீனைல்தயோயூரியா கொடிய நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நன்கு வளர்ந்த புழுவிலிருந்து சில நூறு மைக்ரோலிட்டர் கிடைக்கும்; அதைக் குளிர் மையவிலக்கியில் மென்மையாகச் சுழற்றி ரத்த அணுக்களை அடியில் தங்கவைத்து, மேல்நீரைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்துக்கொள்ளுங்கள். ஒரே பங்கைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் புரதங்கள் கெடும்.

புரதத்தை அளக்க 1951-ஆம் ஆண்டின் லௌரி முறையும், 1976-ஆம் ஆண்டின் பிராட்ஃபோர்டு முறையும் நம் கல்லூரி ஆய்வகங்களில் வழக்கத்தில் உள்ளன. இந்த மாதிரிக்குப் பிராட்ஃபோர்டே ஏற்றது என்பது என் கருத்து. லௌரி முறை செம்பு அயனிகளை நம்பியது, நாம் சேர்த்த பீனைல்தயோயூரியாவோ செம்போடு சேரக்கூடியது. ரத்தத்தை ஐம்பது, நூறு மடங்கு நீர்க்கச் செய்யாமல் பிராட்ஃபோர்டு சாயத்தில் விட்டால் அளவு நேர்கோட்டு எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது இரண்டு நீர்ப்பு நிலைகளில் அளந்து, இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது லெம்லி 1970-இல் செம்மைப்படுத்திய எஸ்டிஎஸ் ஜெல். பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு ஜெல்லில், எல்லாப் பள்ளங்களிலும் சம அளவு புரதம் இட்டு, ஐந்தாம் பருவத்தின் முதல் நாள் முதல் கூட்டுப்புழு வரை ஆண், பெண் மாதிரிகளை வரிசையாக ஓடவிடுங்கள். ஜெல்லைச் சாயமேற்றிக் கழுவி வெளிச்சத்தில் பிடிக்கும்போது இரண்டு இடங்களில் கண் நிற்கும். ஒன்று 30 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகே திரளும் புரதக் குடும்பம். மற்றொன்று 70 முதல் 80 கிலோடால்டனுக்கு இடையே உள்ள சேமிப்புப் புரதங்கள். பருவத்தின் பிற்பகுதியில் பெண் புழுக்களின் வரிசையில் இந்தச் சேமிப்புப் பட்டை தடித்துக்கொண்டே போகும், ஆண்களில் அதற்கு நேரான பட்டை மெலியும். கூடு கட்டிய பின் அந்தப் புரதம் ரத்தத்திலிருந்து கொழுப்புத் திசுவுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது; அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை என்பதால், அதன் உடலும் முட்டைகளும் உருவாக வேண்டிய அமினோ அமிலங்கள் புழுப் பருவத்திலேயே இவ்வாறு சேர்த்து வைக்கப்படுகின்றன. ஆணையும் பெண்ணையும் கலந்து எடுத்தவருக்கு இந்தக் கதை முழுவதும் மறைந்துபோகும்.

வளர்சிதை மாற்றத்துக்கு வரும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பூச்சி ரத்தத்தின் முதன்மைச் சர்க்கரை குளுக்கோஸ் அன்று, டிரெஹலோஸ் என்பதாகும். 1957-இல் வயட்டும் கால்ஃபும் இதைக் காட்டினார்கள். டிரெஹலோஸ் ஒடுக்கும் பண்பற்ற சர்க்கரை. ஆகையால், ஒடுக்கும் சர்க்கரைகளை மட்டுமே காட்டும் டிஎன்எஸ் வினைப்பொருளைக் கொண்டு அளப்பவர், சர்க்கரை மிகுந்த ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே சர்க்கரை குறைவு என்று எழுதுவார். அடர் கந்தக அமிலத்தில் செய்யும் ஆந்த்ரோன் முறை மொத்தச் சர்க்கரையைத் தரும். டிரெஹலேஸ் நொதியால் பிளந்து விடுபடும் குளுக்கோஸை அளப்பது அதைவிடத் துல்லியமானது. புழுவைப் பட்டினி போட்டு, ஆறு மணிக்கொருமுறை ரத்தச் சர்க்கரையையும் கொழுப்புத் திசுவின் கிளைகோஜனையும் சேர்த்து அளப்பது முதுநிலைத் திட்டப்பணிக்கு நல்ல கேள்வி. இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: பட்டு இழையின் ஃபைப்ரோயினில் பெரும்பகுதி கிளைசின், அலனின், செரின் ஆகிய மூன்றே அமினோ அமிலங்கள், மல்பெரி இலைப் புரதத்திலோ இவ்வளவு கிளைசினும் அலனினும் இல்லை. எனவே இலையின் நைட்ரஜனைப் புழு மாற்றியமைத்தாக வேண்டும், அந்த வேலையில் பங்கேற்கும் அலனின் அமினோடிரான்ஸ்ஃபெரேஸ் நொதியின் செயல்திறன் பட்டுச் சுரப்பியில் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதை ஒரு நிறமானியைக் கொண்டே பின்தொடரலாம்.

படிப்பின் வழி சுருக்கமானது: உயிர்வேதியியல், விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவற்றில் எதில் முதுநிலை முடித்தாலும், சிஎஸ்ஐஆர் நடத்தும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெற்றால் முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை கிடைக்கும், 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். அதற்கு முன்பாகவே, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பாருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அங்கே இந்திய அறிவியல் கழகமும், உயிரியலுக்கான தேசிய மையமும், வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசியப் பணியகமும் இருக்கின்றன. மைசூரில் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பட்டுப்புழுவில் பழகிய கை, பின்னாளில் மக்காச்சோளப் படைப்புழுவின் மருந்து எதிர்ப்பு நொதிகளை ஆராயவும் உதவும்.

ஆய்வகத் தலைவருக்கு எழுதும் கடிதத்தில் ஆர்வத்தைப் பற்றிய பத்திகளைக் குறைத்து, நீங்களே வளர்த்த புழுக்களில் எடுத்த ஒரு வரைபடத்தை இணையுங்கள்: கிடை அச்சில் ஐந்தாம் பருவத்தின் மணிநேரம், நிலை அச்சில் ரத்தப் புரதம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கோடு, ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை புழுக்கள் என்ற எண்ணிக்கையும் விலக்கமும். கீழே இனத்தின் பெயர், வெப்பநிலை, இலையின் மூலம் ஆகியவை ஒரு வரியில் இருக்கட்டும்.