வீட்டில் நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பது எப்படி: மின்னணு வெப்பமானியைச் சரியாக வைக்கும் முறை

சென்ற ஆண்டு ஓர் இரவு, அம்மாவின் கழுத்தைத் தொட்டால் கணகணவென்று இருந்தது. வெப்பமானியை அக்குளில் வைத்தேன். பீப் சத்தம் வந்ததும் எடுத்துப் பார்த்தால் 36.4 டிகிரி செல்சியஸ். "காய்ச்சல் இல்லைம்மா, படுத்துக்கோ" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டேன். மறுநாள் காலை புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் தாதி காதில் வைத்துப் பார்த்தபோது 38.7 காட்டியது. சிறுநீர்ப் பாதையில் தொற்று என்றார் மருத்துவர்.

வெப்பமானி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அன்று மாலை, அம்மா அதே நைட்டியில் படுத்திருந்தபோது, முந்தைய இரவு செய்த மாதிரியே அவசரமாக ஒருமுறை வைத்துப் பார்த்தேன். 36.7. அப்புறம் நைட்டியின் கைப்பகுதியைத் தோள்வரை சுருட்டிவிட்டு, உள்ளே விரலால் தடவி இடம் பார்த்து வைத்தேன். 38.1. இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கருவியில் கோளாறே இல்லை. முதல்முறை வைத்தபோது துணியின் ஒரு மடிப்பு முனைக்கும் தோலுக்கும் இடையில் மாட்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த மடிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். வயதானவரையோ நோயாளியையோ வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள், வேலைக்குப் போகும் முன் இல்லப் பணிப்பெண்ணிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், எல்லாருக்கும் இது உதவும்.

கருவியைப் பற்றி முதலில்

2003ல் இங்கே சிங்கப்பூரில் சார்ஸ் நோய் பரவியபோது பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்வி அமைச்சு ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து, நாள்தோறும் பார்க்க வைத்தது. ஆகவே நம்மில் பலருக்கு அந்தக் குச்சி வடிவம் பழக்கம்தான். அதன் உலோக முனைக்குள் தெர்மிஸ்டர் என்ற சின்னப் பொருள் இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டுத்தான் திரையில் எண் வருகிறது.

பீப் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரண வகையில், எண் ஏறும் வேகம் குறைந்துவிட்டது என்பதற்கான அடையாளம்தான் அது. இன்னும் ஏறாது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. வாய்க்குள் சூடு சீராக இருப்பதால் பீப் வரும்போது எண் ஏறக்குறைய நிலைத்திருக்கும். அக்குள் அப்படியில்லை. அங்கே தோல் மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே பீப் வந்த பிறகும் எடுக்காமல் வைத்திருந்தால் எண் இன்னும் 0.2, 0.3 டிகிரி ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். சில புதிய வகைகள் முதல் சில நொடிகளில் சூடு ஏறும் விதத்தை வைத்து முடிவை முன்கூட்டியே கணித்துச் சொல்லும். உங்களுடையது எந்த வகை, அக்குளில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பெட்டிக்குள் வரும் காகிதத்தில் இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

காது வெப்பமானியும் நெற்றி வெப்பமானியும் வேறு விதம். உடம்பிலிருந்து வெளியாகும் அகச்சிவப்புக் கதிரை அளப்பவை அவை. வேகமானவை, ஆனால் பிடிக்கும் கோணம் கொஞ்சம் தப்பினாலும் எண் மாறும். புதிதாகப் பழகுபவர்கள் குச்சி வகையில் தொடங்குங்கள் என்பேன்.

வைப்பதற்கு முன்

நோயாளி குளித்துவிட்டு வந்தாரா, கைத்தாங்கலாக நடந்து வந்தாரா, தடிமனான போர்வைக்குள் கிடந்தாரா என்று பாருங்கள். அப்படியானால் 20, 30 நிமிடம் அமைதியாக இருக்கட்டும். வாயில் பார்ப்பதாக இருந்தால் சாப்பிட்டோ குடித்தோ அதே அளவு நேரம் ஆகியிருக்க வேண்டும். சூடான கோப்பி குடித்த வாய் இல்லாத காய்ச்சலைக் காட்டும். ஐஸ் மைலோ குடித்த வாய் இருக்கிற காய்ச்சலை மறைக்கும்.

பனடால் (பாரசிட்டமால் மாத்திரை) கொடுக்கும் நேரம் நெருங்கினால், முதலில் காய்ச்சலைப் பார்த்துவிட்டு அப்புறம் மாத்திரையைக் கொடுங்கள். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் இறங்கியிருக்கும். நோய் இறங்கியது என்று அதற்குப் பொருளில்லை.

கையைக் கழுவுங்கள். வெப்பமானியின் முனையை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, காயவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் முதலில் திரையின் எல்லாக் கோடுகளும் ஒருமுறை மின்னும். பிறகு பெரும்பாலான வகைகளில் கடைசியாகப் பார்த்த எண் சிறிது நேரம் தெரியும். அதை இன்றைய எண் என்று எழுதிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மறைந்து, 'எல் ஓ' என்ற எழுத்துகளோ மின்னும் டிகிரிக் குறியோ வந்த பிறகுதான் கருவி தயார். 'எல் ஓ' என்றால் பழுது இல்லை, முனையின் சூடு அளக்கும் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று பொருள்.

வாயில் பார்ப்பது

பெரியவர்களுக்கு, சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமானால், வீட்டில் நம்பக்கூடிய வழி இதுதான். நாக்கைத் தூக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு மெல்லிய நரம்பு போன்ற சவ்வு மடிப்பு தெரியும். அதன் இடப்பக்கமோ வலப்பக்கமோ, நாக்கின் அடிவேர் வரை முனையைத் தள்ளி வைக்க வேண்டும். முன்பற்களுக்குப் பின்னால் வெறுமனே நிறுத்தினால் எண் குறையும். உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். பல்லால் கடிக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்காதீர்கள், பதில் சொல்ல வாயைத் திறந்துவிடுவார்கள்.

மறதி நோய் உள்ளவர், மயக்கத்தில் இருப்பவர், வலிப்பு வரக்கூடியவர், மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடுபவர், முகமூடி வழியாக ஆக்சிஜன் எடுப்பவர், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை: இவர்களுக்கு வாயில் வைக்காதீர்கள்.

அக்குளில் பார்ப்பது

அதிகம் தப்பு நடக்கும் இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டை. சட்டையின் கழுத்து வழியாகக் கையை விட்டு வைப்பதை விட்டுவிடுங்கள். ஒரு தோளையாவது முழுதாக வெளியே எடுங்கள். வெட்கப்படுவார்கள். ஆகவே கதவைச் சாத்திவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். "ரெண்டு நிமிஷம்தாம்மா, கையைத் தூக்கிக்கோ" என்று சொல்லிச் செய்தால் ஒத்துழைப்பார்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் அக்குள் ஈரமாகத்தான் இருக்கும். வியர்வை ஆவியாகும்போது தோலைக் குளிர்விக்கும். மெல்லிய துண்டால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் தோல் சூடாகும், அதுவும் வேண்டாம். துடைத்த பிறகு கையை உடம்போடு சேர்த்து, அக்குளை ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். உள்ளே சூடு கட்டும். குளிர்சாதனம் ஓடும் அறையில் இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்கவே கூடாது.

இப்போது இடம். அக்குளின் ஆழமான நடுப்பள்ளம் எது என்று உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடான, மெத்தென்ற இடம் ஒன்று தட்டுப்படும். வெப்பமானியை முன்பக்கத்திலிருந்து, கீழிருந்து மேலாகச் சாய்த்து, முனை அந்தப் பள்ளத்தில் தொடும்படி வையுங்கள். குறுக்கே நேராக வைத்தால் முனை முதுகுப் பக்கம் வெளியே எட்டிப் பார்க்கும். நாம் முன்னால் நிற்பதால் அது தெரியாது.

மெலிந்த முதியவர்களிடம் இன்னொரு சிக்கல். அக்குள் குழிந்து, உள்ளே வெற்றிடமாக இருக்கும். கையை இறக்கினாலும் முனை தோலைத் தொடாமல் காற்றில் நிற்கும். என் அம்மாவுக்கு அப்படித்தான். நான் செய்வது இது: முனையை வைத்ததும் அம்மாவின் முழங்கையை மடித்து, உள்ளங்கையை எதிர்த் தோளில் வைக்கிறேன். பிறகு என் ஒரு கையால் அம்மாவின் மேற்கையை உடம்போடு சேர்த்துப் பிடிக்கிறேன். கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும். பீப் வந்தாலும் விடுவதில்லை, சுவர்க்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் முடிந்த பிறகுதான் எடுக்கிறேன்.

பக்கவாதம் வந்தவருக்கு நன்றாக இயங்கும் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம், அதே முறை. இன்று இடது, நாளை வலது, நாளை மறுநாள் காது என்று மாற்றினால் எண்கள் ஒன்றோடொன்று பேசாது.

காது, நெற்றி

காது என்றால் பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். ஒரு வயதுக்குக் கீழே நேராகப் பின்னால் மட்டும். அப்போதுதான் வளைந்த காதுக்குழாய் நேராகி, கருவி செவிப்பறைப் பக்கம் பார்க்கும். தலையணையில் அழுந்திக் கிடந்த காதில் உடனே பார்க்காதீர்கள். பிறந்த சில மாதக் குழந்தைகளுக்குக் காது வகை ஏற்றதில்லை.

நெற்றி வகையைக் கொவிட் காலத்தில் கடைத்தொகுதி வாசல்களில் பார்த்துப் பழகிவிட்டோம். கூட்டத்தில் வடிகட்ட அது சரி. படுத்திருக்கும் நோயாளிக்கு மருந்து முடிவு செய்ய நான் அதை நம்புவதில்லை. வியர்வை, மின்விசிறிக் காற்று, ஈரத்துணி ஒத்தடம் எல்லாமே எண்ணைக் குறைத்துவிடும்.

எண்ணைப் படிப்பது

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எங்கள் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "மாலை 6.10, இடது அக்குள், 37.4, 3 மணிக்கு பனடால்." மருத்துவரிடம் வெறும் 37.4 என்று சொன்னால் அவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. இந்த வரியைக் காட்டினால் மாத்திரையையும் மீறிக் காய்ச்சல் நிற்கிறது என்று உடனே பிடித்துக்கொள்வார்.

37 என்பது ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868ல் வெளியிட்ட சராசரி. ஆளுக்கு ஆள் அது மாறும். ஒரே ஆளுக்கும் விடியற்காலையில் குறைவு, மாலையில் அரை டிகிரி அளவுக்கு அதிகம். அக்குள் எண் வாயைவிட ஏறக்குறைய அரை டிகிரி குறைவாக இருக்கும். கூட்டிக் கழித்து எழுதாமல், கிடைத்த எண்ணையும் இடத்தையும் அப்படியே எழுதுங்கள். 38 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாகக் காய்ச்சல். ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் "நூத்தி ரெண்டு இருக்கு" என்பார்கள். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 38.9. நம் 38 அவர்களுக்கு 100.4.

முதியவர்களுக்கு 38 வரும்வரை காத்திருக்கக் கூடாது. அவர்களின் உடம்பு தொற்று வந்தாலும் அவ்வளவு சூடேறாது. அவர் நலமாக இருக்கும்போதே ஒரு வாரம் காலை மாலை பார்த்து, அவருடைய வழக்கமான எண் எது என்று எழுதி வையுங்கள். அம்மாவுக்கு அது அக்குளில் 36.2. அதிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் ஏறினாலே, அதாவது 37.3 வந்தாலே, நான் மருத்துவரிடம் கிளம்பிவிடுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை, திடீரென்று குழப்பமாகப் பேசுகிறார் என்றால் எண் எதுவாக இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 38 வந்தால், கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு 38 வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேராக மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவு. மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

டெங்கி பற்றியும் சொல்லியாக வேண்டும். புளோக்குக்குக் கீழே சிவப்பு நிற டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கினால் அந்த வட்டாரத்தில் 10 பேருக்கு அல்லது அதற்கு மேல் வந்திருக்கிறது என்று பொருள். டெங்கியில் காய்ச்சல் சில நாள் அடித்துவிட்டு இறங்கும். வெப்பமானியில் 37 பார்த்ததும் வீடே நிம்மதியாகிவிடும். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. அடுத்த ஓரிரு நாள் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், துவண்டுபோதல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே மருத்துவமனை. டெங்கி என்று சந்தேகம் இருக்கும்வரை காய்ச்சலுக்கு இபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுத்து வைப்பது

முனையைச் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு துடைத்து, பிறகு ஆல்கஹால் பஞ்சு. வெந்நீரில் போடாதீர்கள், உள்ளே உள்ள கருவி கெட்டுவிடும். நீர் புகாத வகை என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவலாம். ஆசனவாயில் பயன்படுத்தும் வெப்பமானிக்குச் சிவப்பு நாடா ஒட்டித் தனியாக வையுங்கள், அது வாய்க்கு வரவே கூடாது.

திரை மங்கினால் மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கிறது. பல குச்சி வகைகளுக்கு எல்ஆர்41 என்ற பொத்தான் மின்கலம் போதும், அக்கம்பக்கக் கடைகளிலேயே கிடைக்கும். ஒன்றை வாங்கி நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். காய்ச்சல் நடுராத்திரியில்தான் வருகிறது.