மசாய் மாரா போகிறீர்களா? ஓட்டுநரை விரட்டாதீர்கள்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குச் சஃபாரி போகிற நம்மவர்கள் பலரும் மனதில் ஒரு பட்டியலோடுதான் விமானம் ஏறுகிறார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. ‘பிக் ஃபைவ்’ என்ற இந்தப் பெயர் சுற்றுலாக்காரர்கள் வைத்ததல்ல. நடந்து போய் வேட்டையாட மிகவும் ஆபத்தான ஐந்து விலங்குகள் என்று அந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரர்கள் போட்ட கணக்கு. கேமராவோடு போகிற நமக்கு அந்தக் கணக்கு எதற்கு? “சிங்கம் பார்த்தாச்சு, அடுத்தது எங்கே?” என்று ஓட்டுநரை விரட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. மற்ற தவறுகள் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இதனால் அதிகம் அடிபடுவது அந்தப் பட்டியலிலேயே இல்லாத சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. சிறுத்தையும் சிவிங்கியும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. உடம்பில் பூப்பூவாக வளையம் இருந்தால் சிறுத்தை. தனித்தனிக் கறுப்புப் பொட்டும், கண்ணிலிருந்து வாய்வரை வழிந்த மைபோல ஒரு கோடும் இருந்தால் சிவிங்கி. (புலி ஆப்பிரிக்கக் காடுகளில் கிடையாது. கேட்டு ஓட்டுநரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.) சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதால் சிவிங்கி பெரும்பாலும் பகலில்தான் வேட்டையாடும். நாமும் பகலில்தான் சுற்றுகிறோம். சிக்கல் அங்கேதான்.

ஒரு காலையில் கறையான் புற்றின்மேல் ஒரு தாய்ச் சிவிங்கி உட்கார்ந்திருந்தது. மூன்று குட்டிகள் கீழே புல்லுக்குள். தூரத்தில் மான் கூட்டம். அது இறங்கி, வயிறு தரையில் உரசப் பதுங்கிப் பதுங்கி நகர்ந்தது. முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்று, மான் தலை குனிந்ததும் அடுத்த அடி வைத்தது. அதற்குள் ரேடியோவில் சேதி பரவி ஒன்பது வண்டிகள் வந்துவிட்டன. ஒரு வேன் தடத்தை விட்டிறங்கிக் குறுக்கே பாய்ந்தது. மான்கள் சிதறி ஓடின. தாய் புல்லில் படுத்துவிட்டது. குட்டிகள் எழுந்து வந்து அதன் முகத்தை முகர்ந்து பார்த்தன.

மாராவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதன் விளைவைச் சொல்கிறது. சுற்றுலா குறைந்த பகுதியில் தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டு குட்டிகளுக்கு மேல் வளர்த்து ஆளாக்குகிறது. நெரிசல் மிகுந்த பகுதியில் ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி தேறுகிறது, அவ்வளவுதான்.

ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் அங்கே விதி உண்டு. ஓட்டுநர்களுக்கு அது நன்றாகவே தெரியும். நெருங்கிப் போகாவிட்டால் டிப்ஸ் குறையுமோ என்ற பயத்தில்தான் மீறுகிறார்கள். அதனால் முதல் நாள் காலையில் வண்டி கிளம்பும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்: “நெருங்க வேண்டாம், கூட்டமாக இருந்தால் வேறு பக்கம் போகலாம்.” அவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்ப்பீர்கள்.

ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்க வரும் வைல்டுபீஸ்ட் என்ற பெரிய மான் கூட்டத்திடமும் இதே அவசரம் வேண்டாம். முதல் சில விலங்குகள் குதிக்கும் முன்பே வண்டிகள் கரையை அடைத்துக்கொண்டால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்விடும். தள்ளி நின்று, மணிக்கணக்கானாலும் காத்திருக்க வேண்டும்.

யானையிடம் நம் தவறு வேறு மாதிரி. கோயில் யானையிடம் ஆசி வாங்கி வளர்ந்தவர்கள் நாம்; பழகிய பிராணி என்று மனசு நம்பிவிடுகிறது. காதை முழுக்க விரித்துத் தலையைத் தூக்கி நம்மை நேராகப் பார்த்தால், போதும் நில் என்று அர்த்தம். கன்னத்தில் மதநீர் வழிகிற ஆண் யானை என்றால் பார்த்த இடத்திலேயே தூரம் விட வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து நிற்பதோ கத்துவதோ கூடாது. வண்டியை அணைப்பதா, பின்னால் எடுப்பதா என்பதை ஓட்டுநர் முடிவு செய்யட்டும்.

நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் சாதுவாகக் கிடக்கும். இருட்டியதும் புல் மேயக் கரையேறும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மனிதர் அகப்பட்டால் மிரண்டு பாயும். ஆற்றோரக் கூடார விடுதிகள் பலவற்றுக்கு வேலி கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துக்கு இருபது அடிதானே என்று தனியாகக் கிளம்பாதீர்கள், டார்ச்சோடு காவலர் வரும்வரை பொறுங்கள். முறுக்கு, வாழைப்பழம் எதையும் கூடாரத்தில் வைக்க வேண்டாம். குரங்குகள் ஜிப்பைத் திறந்துவிடும்.

கிளம்பும் முன் சில விஷயங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஊர் திரும்பும்போது தனிமைப்படுத்திவிடுவார்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாரா போகும் சிறு விமானங்களில் 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை. புடவையைக் கடைக் கவரில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள், மஞ்சப்பை போதும். மாரா ஏறக்குறைய ஏற்காட்டு உயரம். விடியற்காலையில் திறந்த வண்டியில் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கியவர்கள் பலர்.

காண்டாமிருகம் கண்ணில் பட்டால் படம் எடுங்கள், ஆனால் போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள், எந்த இடம் என்று எழுதாதீர்கள். கொம்புக்காகக் கொல்பவர்களுக்கும் போன் உண்டு. 2018 மார்ச்சில் கென்யாவின் ஒல் பெஜெட்டா காப்பகத்தில் சூடான் என்ற ஆண் இறந்தபோது, வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் மிச்சமிருந்தவை அதன் மகளும் பேத்தியும் மட்டுமே.