8 எம்பி அட்டையும் ஒரு ஜம்பரும்

காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டு அறையில், சித்தப்பா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த கமடோர் அமிகா 1200 பல ஆண்டுகள் துணி மூடிக் கிடந்தது. 1992-இல் வெளிவந்த அக்கணினியில் 14 மெகாஹெர்ட்ஸ் 68இசி020 செயலியும் 2 எம்பி (மெகாபைட்) நினைவகமுமே உண்டு. அந்த நினைவகத்தையும் படத்துக்கும் ஒலிக்குமான சில்லுகளோடு செயலி பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், தனி நினைவக அட்டை ஒன்றைச் செருகினாலே, செயலியை மாற்றாமல் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

ஆகவே 8 எம்பி அட்டை ஒன்றை வாங்கி, கணினியின் அடிப்புற மூடியைக் கழற்றிப் பொருத்தினேன். வேகம் கூடியது, ஆனால் கோப்புகளைக் கொண்டுவரப் பக்கவாட்டில் உள்ள, சிறு அட்டைகளைச் செருகுவதற்கான பிசிஎம்சிஐஏ துளையில் செருகியிருந்த மெமரி கார்டு கணினிக்கு அடியோடு தெரியாமற்போயிற்று. தொடுமுனைகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன், அடாப்டரை மாற்றினேன். இரண்டு மாலைப்பொழுதுகள் வீணாயின. பிறகுதான் புரிந்தது: நினைவக இடங்களைச் சுட்டும் முகவரிக் கம்பிகள் 24 மட்டுமே கொண்ட அச்செயலியால் 16 எம்பி பரப்பையே காண முடியும், அதில் அட்டையின் மேற்பாதி 4 எம்பி போய் உட்காரும் இடமும் பிசிஎம்சிஐஏவுக்கு ஒதுக்கிய இடமும் ஒன்றே. விற்றவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அட்டையின் ஓரத்தில் அரிசியளவே இருந்த ஜம்பரை (ஊசிமுனைகளை இணைத்து அமைப்பை மாற்றும் சிறு துண்டு) இடுக்கியால் எடுத்து 4 எம்பிக்கு மாற்றியதும் கார்டு தென்பட்டது.

அடுத்து, வேகமான 68030 செயலியும் சொந்த நினைவகமும் கொண்ட ஆக்சிலரேட்டர் அட்டை வாங்கினேன். அதன் நினைவகம் அந்த 16 எம்பி எல்லைக்கு அப்பால் அமைந்திருப்பதால் மோதலே இல்லை. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் 8 எம்பி அட்டைக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.