தக்காளியில் சொந்த ரகம் உருவாக்குவது எப்படி

கொத்திலேயே பெரிய பழத்தைப் பறித்து விதைக்கு எடுத்து வைப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. ஒரு பழம் பெருத்ததற்கு அந்தக் கிளைக்குக் கிடைத்த வெயில் காரணமாக இருக்கலாம், பக்கத்துப் பூக்கள் உதிர்ந்ததும் காரணமாக இருக்கலாம், அதெல்லாம் விதைக்குள் போகாது. பழத்தைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள்.

முதலில் வேறுபாடு வேண்டும். எல்லாச் செடியும் ஒன்றுபோல இருந்தால் பொறுக்க எதுவுமில்லை. வீரிய ஒட்டு ரகத்தின், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியதன், விதையை எடுத்து மறுபடி போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக வரும் என்று சலித்துக்கொள்வார்கள் இல்லையா, நமக்கு வேண்டியது அந்தச் சிதறல்தான். 30 செடியாவது வையுங்கள், ஒரே நாளில் விதைத்து ஒரே மண்ணில், ஒரே அளவு தண்ணீரில். ஓரத்துச் செடிக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல், அது செழிப்பாகத் தெரிந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு செடியையும் அதன் அக்கம்பக்கத்துச் செடிகளோடு ஒப்பிடுவதுதான் நியாயமான கணக்கு.

அப்புறம் நோக்கம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சுவை, சீக்கிரம் காய்ப்பது, இலைநோயைத் தாங்குவது என்று எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் கேட்டால் எதிலும் முன்னேற்றம் இருக்காது. பிடித்த நாலைந்து செடியில் நூல் கட்டி, நன்றாகப் பழுத்த பழத்தின் விதையை அதன் சாற்றிலேயே இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, கழுவி, நிழலில் உலர்த்தி, செடிவாரியாகத் தனித்தனி உறையில் போடுங்கள். கலந்துவிட்டால் எந்தத் தாயின் பிள்ளைகள் தேறின என்பது தெரியாமலே போய்விடும்.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அதனால் உள்ளிருக்கும் கலப்பு தலைமுறைக்குப் பாதியாகக் குறைந்து 6, 7 தலைமுறையில் ஏறக்குறைய நிலைத்துவிடும். மக்காச்சோளமும் பூசணியும் அப்படியல்ல, காற்றும் தேனீயும் பக்கத்து ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். பூசணி என்றால் பெண்பூவை மலரும் முன்னே கட்டி வைத்து, கையால் மகரந்தம் தடவுவதுதான் நம்பகமான வழி.

பொறுமை வேண்டும்தான், ஆனால் பொறுமைக்குக் கிடைப்பது சாதாரணமானதல்ல. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் நான்கும் ஒரே இனச் செடி: இலைக்குப் பொறுக்கியவர்களுக்கு ஒன்று, பூவுக்குப் பொறுக்கியவர்களுக்கு இரண்டு, தண்டுக்குப் பொறுக்கியவர்களுக்கு இன்னொன்று. மக்காச்சோளத்தின் மூதாதை மெக்சிகோவின் தியோசின்தே என்ற புல், அதன் கதிரில் ஓடு மூடிய ஐந்து முதல் பன்னிரண்டு மணிகள்தான். அதைச் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு பொறுக்கத் தொடங்கியவர்களிடம் இருந்ததும் கண்ணும் கையும்தான்.

ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் சேர்ந்து வரும் என்பதை மறக்கக் கூடாது. எடைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட இறைச்சிக்கோழிக்குக் கால் தாங்காத நிலையும் இதயக் கோளாறும் வந்தன, தட்டை முகத்துக்காகவே வளர்த்த நாய்கள் மூச்சுக்குத் திணறுகின்றன. செடியிலும் இதே கதைதான், இனிப்பை மட்டும் துரத்தி வேர் நலிந்ததைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். அதனால் நூல் கட்டும் முன் செடி முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள், ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் விதையை விதைக்காமல் எடுத்து வையுங்கள், தவறான பக்கம் போயிருந்தால் அந்த உறையிலிருந்து திரும்பத் தொடங்கலாம்.