தேமகோகெயோ: பார்த்ததும் 'ஏய்த்தான்' என்று எழுதிவிடாதீர்கள்

பழைய கிரேக்கம் படிக்க வருகிறவர்கள் தேமகோகெயோ என்ற வினையைக் கண்டதும் முகம் மலர்வார்கள். "சார், இது தெரியும். டெமகாக்!" மக்களைத் தூண்டி ஏய்க்கும் தலைவனை இன்று ஆங்கிலத்தில் வையும் சொல் அது. அதே மலர்ச்சியோடு நானும் ஒரு காலத்தில் வழுக்கி விழுந்தேன். வேற்றுமை, விகுதிக் குழப்பங்களை இங்கே விட்டுவிடுகிறேன். படிக்கப் படிக்க அவை சரியாகிவிடும்.

இன்றைய வசவை அன்றைய வினையில் ஏற்றுவது

தேமொஸ் என்றால் மக்கள், அகோ என்றால் நடத்திச் செல்வது. சிறுவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அடிமைக்குப் பைதகோகொஸ் என்று பெயர். அதிலும் இதே அகோதான். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்று எதுவும் உள்ளே இல்லை.

சைப்ரஸின் சலாமிஸை ஆண்ட நிக்கோக்லேஸுக்கு ஏதென்ஸின் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசாக்ரடீஸ் அறிவுரை எழுதினார். மக்கள் கூட்டத்தை அட்டூழியம் செய்ய விடாதே, அவர்கள் மேல் அட்டூழியம் நடந்தால் பார்த்துக்கொண்டும் இராதே. அப்படியிருந்தால் நீ நன்றாகத் தேமகோகெயோ செய்வாய் என்கிறார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "நீ மக்களைத் திறமையாக ஏய்ப்பாய்." போதாதென்று, 'ஆசிரியரின் கிண்டல்' என்று அடிக்குறிப்பு வேறு. கிண்டல் என்று முடிவு கட்டியதால் அடுத்து வந்த அறிவுரைகளையும் நக்கலாகவே பெயர்த்துக்கொண்டு போனேன். படித்துப் பார்த்த பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏய்க்கிறவன் எதுக்குப்பா அநியாயத்தைத் தடுக்கிறான்?" இருபது பக்கம் குப்பைக்குப் போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான். ஏதென்ஸின் பெருந்தலைவர் பெரிக்ளிஸையே 'நல்ல தேமகோகொஸ்', அதாவது மக்களை நன்றாக நடத்துபவர், என்று அதே ஐசாக்ரடீஸ் இன்னோரிடத்தில் புகழ்கிறார். அதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

கெட்ட பொருளே இல்லையா? உண்டு. கி.மு. 424இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'குதிரைவீரர்கள்' என்ற நகைச்சுவை நாடகத்தில், மக்களை நடத்துவது இனிமேல் படித்தவனுக்கும் பண்புள்ளவனுக்கும் ஆன வேலை அல்ல என்று ஒரு தொத்திறைச்சி வியாபாரியிடம் சொல்கிறார்கள். அங்கே சொல் நாறத் தொடங்கிவிட்டது. ஆனால் ஐசாக்ரடீஸ் அந்த அறிவுரையை எழுதியது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து. நாற்றம் எல்லா இடத்திலும் பரவவில்லை.

யார் சொல்கிறார் என்று பார்க்காதது

கிரேக்கக் கூலிப்படையை நடத்திய அனுபவத்தைச் செனபோன் எழுதிய 'அனபாசிஸ்' ஏழாம் புத்தகத்தில், செனபோன் எப்படிப்பட்ட ஆள் என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் திரேஸ் மன்னன் சியூத்தெஸிடம் விசாரிக்கிறார்கள். மோசமில்லை, ஆனால் வீரர்களுக்கு நண்பன் என்கிறான் மன்னன். "ஆட்களைக் கைக்குள் போட்டு வைத்திருக்கிறானா?" என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் கேட்கிறார்கள். இங்கே வருவது இதே வினைதான். "ரொம்பவே" என்று பதில் சொல்பவன் ஹெராக்ளைடீஸ். செனபோனின் படைக்குச் சம்பளம் பாக்கி வைத்திருந்த அந்த மன்னனின் ஆள் அவன். வேறென்ன சொல்வான்?

தேமொகொபெயோவோடு குழப்பிக்கொள்வது

அது வேறு வினை. கூட்டத்திடம் குழைவதுதான் அதற்குப் பொருள்.

எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல் தேடுவது

கிடைக்காது. நிக்கோக்லேஸுக்கு 'நடத்துவாய்', செனபோனுக்கு 'கைக்குள் போடுவது' என்று எழுதி வைத்திருக்கிறேன். தொத்திறைச்சிக்காரனுக்கு இன்னும் அமையவில்லை.