வைரஸால் வரும் லுகேமியாவும் டி.என்.ஏ. பழுதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்.டி.எல்.வி-1 வைரஸால் பெரியவர்களுக்கு வரும் டி செல் லுகேமியாவைப் பற்றி (டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுவில் வரும் ரத்தப் புற்றுநோய் இது) எங்கே படித்தாலும் ‘இந்த வைரஸ் டி.என்.ஏ. பழுதுநீக்கத்தைக் கெடுக்கிறது’ என்ற வரி வந்துவிடும். பழுதுநீக்கம் என்றால், செல் தன் டி.என்.ஏ.வில் வந்த சேதத்தைத் தானே சரிசெய்துகொள்வது. வரி சரிதான். அதிலிருந்து ஆளாளுக்கு எடுக்கிற முடிவுகளில்தான் கோளாறு.

பரம்பரைக் குறைபாடு என்று நினைப்பது முதல் தவறு. மார்பகப் புற்றுநோயில் பேசப்படும் பி.ஆர்.சி.ஏ. போல பெற்றோர் வழியாக வந்த கெட்ட மரபணு இங்கே காரணம் இல்லை. பழுதுபார்க்கும் மரபணுக்கள் முழுசாக இருக்கும் ஒருவருக்கும் இது வரலாம், ஏனென்றால் வைரஸின் டாக்ஸ் என்ற புரதம் தொற்றிய செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு அங்கே நடக்கிற வேலையைக் குலைக்கிறது.

எப்படிக் குலைக்கிறது? இங்கேதான் அடுத்த தவறு: பழுதுநீக்கம் என்பதை ஒரே ஒரு வேலையாக நினைப்பது. சிதைந்த ஒற்றை எழுத்தை மாற்ற ஒரு வழி, புற ஊதாக் கதிர் உண்டாக்கும் பெரிய சேதத்தை வெட்டியெடுக்க இன்னொரு வழி, இரண்டு இழையும் அறுந்தால் ஒட்டவைக்க வேறு வழி. முதல் வழிக்குத் தேவையான பாலிமரேஸ் பீட்டா என்ற நொதியின் உற்பத்தியை டாக்ஸ் குறைக்கிறது என்று 1990-லேயே காட்டிவிட்டார்கள். இரண்டாவது வழியையும் அது மந்தமாக்குகிறது. இதையெல்லாம் விட மோசம், சேதம் இருந்தால் ‘நில், இரண்டாகப் பிரியாதே’ என்று செல்லைத் தடுக்கும் பி53, செக்1, செக்2 புரதங்களின் வேலையையும் கெடுத்துவிடுகிறது. ஒரு பக்கம் செல்லைப் பெருகச் சொல்லித் தள்ளுகிறது, இன்னொரு பக்கம் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது. சரிசெய்யாத சேதம் அடுத்த தலைமுறை செல்களுக்குப் போய்ச் சேர்கிறது.

சரி, அப்படியானால் நோயாளியின் புற்றுசெல்லிலும் டாக்ஸ் நிறைய இருக்க வேண்டுமே என்று தோன்றும். பலரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். நோய் முற்றிய பிறகு ஏறக்குறைய பாதிப் பேரின் செல்களில் டாக்ஸை உண்டாக்கவே முடிவதில்லை. அந்த மரபணு சிதைந்திருக்கும், அல்லது அதை இயக்கும் பகுதி அழிந்தோ மூடப்பட்டோ போயிருக்கும். நோய் எதிர்ப்பு செல்கள் டாக்ஸைக் கண்டால் விடாமல் தாக்கும் என்பதால் அதைக் கைவிட்ட செல்களே தப்பிப் பிழைக்கின்றன. ஹெச்.பி.இசட் என்ற இன்னொரு வைரஸ் மரபணு மட்டும் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் நோயை நடத்துவது, பல வருடங்களாகச் சேர்ந்துபோன மரபணு மாற்றங்கள். ஆகவே ஆய்வகத்தில் டாக்ஸைத் திணித்த செல்லில் பார்த்த குறைபாட்டை அப்படியே நோயாளியின் ரத்தத்துக்கும் பொருத்திப் பேசக் கூடாது. எனக்குத் தெரிந்து இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

‘வைரஸ் இருக்கிறதா, அப்போ லுகேமியா நிச்சயம்’ என்பதும் தவறு. தொற்று உள்ள 100 பேரில் வாழ்நாளில் இந்த நோய் வருவது சுமார் 3 முதல் 5 பேருக்கு, அதுவும் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து. எச்.ஐ.வி.யோடு குழப்பிக்கொள்வதும் வேண்டாம். அது டி செல்லைக் கொல்கிறது, இது டி செல்லைப் பெருக்குகிறது.

சிகிச்சை விஷயத்தில் ஒரு குறுக்குவழி யோசனையும் உலவுகிறது: பழுதுநீக்கக் குறைபாடு என்றால் பி.ஆர்.சி.ஏ. புற்றுநோய்க்குத் தரும் பார்ப் தடுப்பான் (பார்ப் என்ற பழுதுநீக்கப் புரதத்தை முடக்கும்) மருந்தையே கொடுக்கலாமே என்று. அந்த மருந்து ஒரு குறிப்பிட்ட பழுதுநீக்க வழி அடியோடு இல்லாத செல்லில்தான் நன்றாக வேலை செய்யும், இங்கே அப்படி ஒரே சீரான குறைபாடு கிடையாது. இப்போது வழக்கத்தில் இருப்பவை கீமோதெரபி, ரத்தத்தில் பரவும் வகைகளுக்கு ஜிடோவுடின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் இன்டர்ஃபெரானும், மொகமுலிசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து, பொருத்தமானவர்களுக்கு ஸ்டெம் செல் மாற்று.

குடும்பத்தில் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் பழுதுநீக்க மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வைரஸ் இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனையைத்தான், முக்கியமாகப் பிள்ளை பெறப்போகும் பெண்களுக்கு, ஏனென்றால் இது தாயிடமிருந்து பிள்ளைக்கு அதிகம் பரவுவது நீண்ட நாள் தாய்ப்பால் வழியாக. ஜப்பானில் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனையை நாடு முழுக்கச் செய்வது அதனால்தான்.