வெளியூர் போன எடத்துல சம்மன் விழுந்தா என்ன பண்றது?

கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து தைப்பூசத்துக்கு பினாங்கு போய்ட்டு வந்து கொஞ்ச நாள்ல டிராபிக் சம்மன் (அபராத நோட்டீஸ்) வந்தா பதறாதீங்க, மொதல்ல அது யாரு போட்டதுன்னு பாருங்க, ஏன்னா மூணு எடத்துல இருந்து வரலாம், மூணும் வேற வேற. போலீஸ் சம்மன்னா மைபாயார் பிடிஆர்எம்ல பாருங்க, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன்னா மைஜேபிஜே ஆப்ல. ஜார்ஜ்டவுன்ல பார்க்கிங் காசு கட்டாம விட்டீங்கன்னா அது எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்) போடுற கொம்பாவுன், அதாவது அபராதம், அந்த ரெண்டுலயும் தேடுனா கெடைக்காது, நானே அப்படித்தான் ஒண்ணுமே இல்லன்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன். கட்டுறதுக்குன்னு திரும்ப பினாங்கு ஓட வேணாம், ஆன்லைன்லயே முடிஞ்சிரும்.

நாள கடத்தாதீங்க லா. 2026 ஜனவரி 1ல இருந்து போலீஸ், ஜேபிஜே சம்மனுக்கு 15 நாளுக்குள்ள கட்டுனா 50% கழிவு, 16ல இருந்து 30 நாளுக்குள்ளன்னா 33%, அதுக்கு மேல 60 நாள் வரைக்கும் முழுசா கட்டணும், அதயும் தாண்டுனா கோர்ட்டு தான். முன்ன மாதிரி வருஷக் கடைசி டிஸ்கவுண்ட்டுக்கு காத்திருந்த காலம் போச்சு.

வாடகை காடின்னா (கார்) சம்மன் ஓனர் பேருக்குத்தான் போகும், அதனால காடி எடுத்த தேதி நேரம் உள்ள ரசீத தூக்கி போட்றாதீங்க. நீங்க ஓட்டலன்னாலோ நம்பர் பிளேட் மாறியிருந்தாலோ காசு கட்டுறதுக்கு முன்னயே ஆட்சேபணை சொல்லிருங்க, கட்டிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். வாட்ஸ்அப்ல சம்மன்னு வர்ற லிங்க்க மட்டும் தொடவே தொடாதீங்க. ஆங், ஹைவேல 110ல வந்த வேகத்துலயே பினாங்கு பாலத்துல ஏறிறாதீங்க, அங்க 80 தான்.